டி.டி.டி.க்குப் பின் வந்த நஞ்சு

1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. அவ்வாண்டில் இந்தியாவின் மலேரியா நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்திருந்தனர். டி.டி.டி. தெளித்தே நோயை ஒழித்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. 1976இல் அவ்வெண்ணிக்கை 64 லட்சமாக உயர்ந்தது. கொசுக்கள் நஞ்சுக்குப் பழகிவிட்டிருந்தன. தெளிப்புப் பணியும் தளர்ந்திருந்தது.

அதே 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் கொசுப்புழுக்கள் திரளாக மடிந்து கிடப்பதை மார்கலித், கோல்ட்பெர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றைக் கொன்றது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியம். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களின் நோயை ஆராய்ந்த இஷிவாத்தா முதலில் கண்டறிந்த இனம் இது. பட்டு வளர்ப்போருக்குப் பகையாக அறிமுகமானது, முக்கால் நூற்றாண்டு கழித்து மனிதருக்குத் துணையாயிற்று.

இது வித்தாக மாறும்போது புரதப் படிகங்களையும் உண்டாக்குகிறது. புழு அவற்றை உண்டதும் குடலின் காரத்தன்மையில் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் அதை நஞ்சாக்குகின்றன. குடற்சுவர் துளைபட்டுப் புழு மடிகிறது. மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை. படிகத்தில் பல நச்சுப் புரதங்கள் கலந்திருப்பதால், இதற்குப் பழகுவது கொசுவுக்கு எளிதன்று. இதன் உறவான பேசில்லஸ் ஸ்பேரிக்கஸை கொச்சிக் கொசுக்கள் வென்றுவிட்டதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது.

1975இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நோய்க்கடத்தி ஆய்வு மையம், இப்பாக்டீரியத்தின் உள்நாட்டு வகையொன்றைப் பிரித்தெடுத்து, புழுக்கொல்லியாக்கும் முறையைத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்கியது.

எனினும் தர்மபுரி போன்ற நிலத்தில் இதன் எல்லையையும் அறிய வேண்டும். காவிரியில் நீர் வற்றும்போது பாறைக்குழிகளிலும் மணற்குட்டைகளிலும் தெளிந்த நீர் தேங்குகிறது; மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவுக்கு அது உகந்த இடம். குழாயில் நாள்தோறும் நீர் வராத ஊர்களில் மக்கள் டிரம்களில் சேமிக்கிறார்கள். அங்கே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் முட்டையிடுகிறது. வீட்டுத் தொட்டிகளில் பணியாளர் ஊற்றும் அபேட் ஒரு வேதிப்பொருள்; பாக்டீரியமோ உண்ணப்பட்டால்தான் கொல்லும். கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. படிகங்களும் நாளடைவில் அடியில் படிந்துவிடுகின்றன. ஆகவே ஒன்றிரண்டு வாரங்களுக்கொரு முறை மீண்டும் தெளிக்க வேண்டும்.

டி.டி.டி. வந்தபோது நஞ்சை நம்பி உழைப்பைத் தளர்த்தினோம். 64 லட்சம் பேர் நோயுற்றனர். புதிய நஞ்சு பழையதைவிட நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊர் ஊராகச் சென்று தொட்டிகளைத் திறந்து பார்க்கும் பணியாளரை அது தேவையற்றவராக்கவில்லை, முன்னினும் தேவையானவராக்கியிருக்கிறது.