குண்டும் குழலும்: ஓர் இடைவெளியின் வரலாறு

போர்களின் வரலாற்றை எழுதுவோர் தளபதிகளின் திறமையையும், படைகளின் தொகையையும், அரசியற் காரணங்களையும் விரிவாக ஆராய்வர். படைக்கலங்களின் உட்புறத்தே நிகழ்ந்த நுண்ணிய மாற்றங்கள் அவர்களது கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. ஆயினும், துப்பாக்கிக் குண்டுக்கும் அது செல்லும் குழலுக்கும் இடையேயுள்ள சிற்றிடைவெளி போர்முறையையே மாற்றியமைத்த ஒன்றாகும். அவ்விடைவெளியை ஆள்வதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறே குறிதவறாது சுடுதலின் வரலாறு எனலாம்.

18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் காலாட்படை பயன்படுத்திய ‘பிறவுண் பெஸ்’ என்னும் துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 0.75 அங்குல உள்விட்டங் கொண்டது. அதில் இடப்பட்ட ஈயக் குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குல விட்டமே உடையது. குழலின் வாய்வழியே விரைந்து குண்டை இடுதற்கும், வெடிமருந்தின் கரி படிந்த பின்னரும் தொடர்ந்து சுடுதற்கும் இத்தளர்ச்சி வேண்டியிருந்தது. ஆனால் தளர்வாக இருந்த குண்டு குழலின் சுவர்களில் மாறிமாறி மோதி, இறுதி மோதல் தந்த திசையிலும் சுழற்சியிலும் வெளியேறிற்று. வீரர்கள் வரிசையாக நின்று ஒருங்கே சுட்டமைக்கு இக்குறைபாடு முக்கிய காரணமாகும்.

இக்குறைபாட்டை விஞ்ஞான முறையில் விளக்கியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளரான பெஞ்சமின் றொபின்ஸ் ஆவார். குண்டின் வேகத்தை ஊசலொன்றின் துணையால் அளக்கும் முறையைத் தமது 1742ஆம் ஆண்டு நூலில் அவர் வெளியிட்டார். அந்நூலைக் கணிதமேதை ஒயிலர் 1745இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார். குழலின் முனையை ஒருபுறம் வளைத்துச் சுட்டபோது, குண்டு முதலில் அப்புறஞ் சென்று பின்னர் எதிர்ப்புறம் வளைந்ததை றொபின்ஸ் காட்டினார். ஒழுங்கற்ற சுழற்சியே விலகலுக்குக் காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. உட்புறத்தே சுருள் வரிகள் வெட்டப்பட்ட குழல், அதாவது றைபிள், குண்டுக்கு ஒழுங்கான சுழற்சியைத் தரும் என்றும், அதனை முதலில் நன்கறிந்து கைக்கொள்ளும் நாடு போரில் மேலோங்கும் என்றும் 1747இல் அவர் எடுத்துரைத்தார். போரை வெறுத்த குவேக்கர் குடும்பத்திற் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகத் தமிழகம் வந்து, 1751இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையிற் காலமானார்.

றைபிளின் நன்மை அறியப்பட்டும், அது உடனே பொதுப்படைக்கலமாகவில்லை. வரிகளைப் பற்றுமாறு குண்டு இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியே செலுத்துவதற்கோ காலமும் வலிமையும் வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்த்தது பிரெஞ்சு அதிகாரியான மினியே 1849இல் உருவாக்கிய குண்டாகும். குழலினுள் எளிதாக இறங்கிய அக்குண்டின் குழிவான அடிப்பாகம், வெடியின் அழுத்தத்தால் விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. ஏற்றும்போது இருந்த இடைவெளி சுடும்போது மறைந்தது.

இதே தத்துவத்தைக் கைக்கொண்ட 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் றைபிள் 0.577 அங்குல உள்விட்டமும், 0.568 அங்குலக் குண்டும் கொண்டது. குறுகிய இவ்விடைவெளியில் குண்டு தடையின்றி இறங்குதற்கு அதனைச் சூழ்ந்த காகிதத்திற் கொழுப்புப் பூசப்பட்டது. தோட்டாவின் முனையைப் பல்லாற் கடித்துத் திறத்தல் வழக்கம். பசுவினதும் பன்றியினதும் கொழுப்புப் பற்றிய செய்தி இந்து, முசுலிம் சிப்பாய்களிடையே பரவி, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. நில உரிமை, வரி, நாடிணைப்பு முதலிய ஆழ்ந்த காரணங்கள் இருந்தன என்பது மறுக்கற்பாலதன்று. எனினும், குழலின் இடைவெளியை நுணுகி அளந்த ஆட்சியாளர், அதை நிரப்பிய பொருள் சிப்பாய்களின் உள்ளத்தில் எழுப்பக்கூடிய ஐயத்தை அளந்தாரில்லை. பின்னர் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

1860களில் குழலின் பின்புறத்தே தோட்டாவை இடும் முறை பரவியதும் சிக்கலின் வடிவம் மாறிற்று. இப்போது குண்டு உலோகத் தோட்டாவின் வாயிற் பொருத்தப்பட்டிருந்தது. அது எவ்வளவு ஆழமாகப் பொருத்தப்படுகிறதோ, வரிகளின் தொடக்கத்தை அடைய அவ்வளவு தூரம் பாயவேண்டும். அப்பாய்ச்சலிற் குண்டு சிறிது சாய்ந்தாலும், அச்சாய்வுடனேயே வரிகளுட் புகும். மாறாக, குண்டு வரிகளை முன்னரே தொட்டிருப்பின் அழுத்தம் உயரக்கூடும். பக்கவாட்டில் இருந்த இடைவெளி நீளவாக்கிற்கு மாறியதென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்கக் குழல் வினைஞரான ஹறி போப், இப்பாய்ச்சலையே நீக்குமாறு குண்டை வாய்வழியாக வரிகளில் இறக்கி, வெடிமருந்துள்ள தோட்டாவைப் பின்புறமாக இடும் முறையாற் புகழ்பெற்றார். மசச்சூசெற்ஸ் மாநில மருத்துவரான பிராங்கிளின் மான், அசையாத தாங்கியிற் குழலை வைத்துச் சுட்டும், பாதையிற் காகிதத் திரைகளை நிறுத்தியும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1909இல் நூலொன்றை வெளியிட்டார். குழலை விட்டு வெளியேறும் குண்டின் சமநிலைக் குறைவே சிதறலுக்குப் பெருங்காரணம் என அவர் காட்டினார்.

படைத்துறையும் இதனைப் புறக்கணிக்க முடியவில்லை. அமெரிக்கா 1906இல் 220 கிறெயின் எடையுள்ள நீண்ட குண்டைக் கைவிட்டு, 150 கிறெயின் கூர்முனைக் குண்டை ஏற்றது. அதற்கேற்ப ஸ்பிறிங்பீல்ட் றைபிள்களின் குழல்கள் 0.2 அங்குலம் குறைக்கப்பட்டு, தோட்டா அறைகள் மீண்டும் கடையப்பட்டன. குண்டு மாறியபோது அதன் இருப்பிடமும் மாறவேண்டியதாயிற்று.

ஆயினும் படைகளின் தேவையும் இலக்குச் சுடுநரின் தேவையும் ஒன்றல்ல. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளிலும் தடையின்றிப் புகவேண்டும்; ஆகவே அதன் நீளம் பொதுவானது. தாமே தோட்டா நிரப்பும் இலக்குச் சுடுநரோ, ஒரு குழலுக்கென்றே குண்டின் ஆழத்தைச் சோதித்துத் தேர்கின்றனர். ஒரு குண்டுக்கும் குழலுக்கும் பொருந்திய அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாமையால், அனைத்திற்குமுரிய ஒரே விதி இன்றுவரை வகுக்கப்படவில்லை.

எனவே, இவ்வரலாறு இடைவெளி ஒழிக்கப்பட்ட வரலாறன்று. விரைவு, பாதுகாப்பு, துல்லியம் ஆகியவற்றுள் எதற்கு முதன்மை அளிப்பது என்பதை ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கேற்பத் தீர்மானித்தது. அத்தீர்மானங்களின் விளைவைத் தாங்கியோர், பெரும்பாலும் அவற்றில் எவ்விதப் பங்குமற்ற சிப்பாய்களே என்பதும் வரலாற்று மாணவர் மறத்தற்குரியதன்று.