வெள்ளை உறை இசைத்தட்டு

உறையில் குழுவின் பெயர் கிடையாது, பாட்டுகளின் பட்டியலும் கிடையாது. வெறும் வெள்ளை அட்டை. அதன்மேல் நான்கு பேரில் ஒருவருடைய கையெழுத்து. டயமண்ட் ஹெட் குழுவின் முதல் ஆல்பம் 1980-இல் இப்படித்தான் வெளிவந்தது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஸ்டவர்பிரிட்ஜில், பள்ளித் தோழர்களான ப்ரையன் டாட்லரும் டங்கன் ஸ்காட்டும் 1976-இல் தொடங்கிய குழு இது. பாடுவதற்கு ஷான் ஹாரிஸ், பேஸ் கிதாருக்குக் காலின் கிம்பர்லி. குழுவின் நிர்வாகத்தில் ஹாரிஸின் அம்மாவுக்கும் பங்கு உண்டு. பெரிய கம்பெனி எதுவும் ஒப்பந்தம் தர முன்வரவில்லை. வூஸ்டரில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே வாரத்தில் ஏழு பாட்டுகளைப் பதிந்தார்கள். சொந்தமாக ஆயிரம் பிரதி அடித்து, 'சவுண்ட்ஸ்' வார இதழில் விளம்பரம் கொடுத்துத் தபாலில் விற்றார்கள்.

அந்த ஏழில் 'ஆம் ஐ ஈவில்?' தனி ரகம். குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் 'மார்ஸ்' இசையை நினைவூட்டும் தாளத்தில் முதலில் டிரம்ஸும் கிதாரும் சேர்ந்து இடிக்கின்றன. பிறகு டாட்லரின் கனத்த ரிஃப், கொஞ்சமும் அவசரமில்லாமல் வருகிறது. பாதிக்கு மேல் திடீரென்று வேகம் பிடிக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியும் ஒரு இடத்திலும் தொய்வில்லை. இருபது வயதை ஒட்டிய பையன்கள் போட்ட மெட்டு என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

வெள்ளை உறைப் பிரதிகளில் ஒன்று கடல் தாண்டிக் கலிபோர்னியாவுக்குப் போனது. வரவழைத்தவர் டென்மார்க்கில் பிறந்த லார்ஸ் உல்ரிக். 1981 கோடையில், பதினேழு வயதில், இந்தக் குழுவைப் பார்ப்பதற்கென்றே அவர் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினார். லண்டன் வுலிச்சில் கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அறிமுகம் செய்துகொண்டார். டாட்லர் வீட்டிலேயே தங்கி, தரையில் படுத்து, இசைத்தட்டுகள் கேட்டார். ஊர் திரும்பிய சில மாதங்களில் அவருடைய மெட்டாலிகா குழு பிறந்தது. 1982-இல் அவர்களுடைய முதல் மேடையிலேயே டயமண்ட் ஹெட் பாட்டுகள் ஒலித்தன.

பாட்டுகள் ஏறுமுகத்தில் இருக்க, அவற்றை எழுதியவர்களோ சரிந்தார்கள். பின்னர் ஒப்பந்தம் தந்த எம்.சி.ஏ. கம்பெனி வெளியிட்ட 'பாரோட் டைம்' ஆல்பம் 1982-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 24-ஆம் இடம் வரை போனது. அடுத்த ஆண்டு வந்த 'கேன்டர்பரி' பழைய ரசிகர்களுக்குப் பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, முதலில் அடித்த தட்டுகளில் ஊசி தாவியது. 1985-இல் குழு கலைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மெட்டாலிகா 'ஆம் ஐ ஈவில்?' பாட்டைப் பதிவு செய்து வெளியிட்டிருந்தது. வெள்ளை ஆல்பத்திலிருந்து நான்கு பாட்டுகளை அவர்கள் காலப்போக்கில் பதிந்தார்கள். அந்த ராயல்டிதான் டாட்லருக்குக் கைகொடுத்தது. செய்நன்றி மறவாத செயல் என்று இதை மனமாரச் சொல்வேன்.

2010-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ், ஸ்லேயர் இசைஞர்கள் ஒரே மேடையில் நின்று வாசித்ததும் 'ஆம் ஐ ஈவில்?' பாட்டைத்தான். மறு ஆண்டு இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் டாட்லரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

கலைவதும் கூடுவதுமாக இருந்த டயமண்ட் ஹெட்டில் முதல் நால்வரில் இன்று மிச்சமிருப்பது டாட்லர் மட்டும். 2020-இல், டென்மார்க்கிலிருந்து வந்த பாடகர் ராஸ்மஸ் பாம் ஆண்டர்சனோடு ஏழு பாட்டுகளையும் புதிதாகப் பதிந்தார். கூடவே மெட்டாலிகாவின் ஒரு பாட்டையும் சேர்த்தார். புதிய பதிவில் ஒலி துல்லியம். ஆனாலும் புதிதாகக் கேட்க வருபவர்கள் 1980 பதிவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். ஹாரிஸின் அந்தக் குரல் அதில்தான் இருக்கிறது.