பார்னக் கற்குழிகள்

இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ்சயர் பகுதியிலே, பார்னக் என்னும் சிற்றூரை அடுத்து, ஏறத்தாழ 22 ஹெக்டேயர் பரப்புடைய புல்வெளி ஒன்றுளது. 'மேடுகளும் குழிகளும்' என்பதே அதன் பெயர். 1976 முதல் அது தேசிய இயற்கை ஒதுக்கிடமாகப் பேணப்பட்டு வருகின்றது. எனினும், அங்குள்ள மேடுகள் இயற்கையாக அமைந்தவையல்ல. கல் வெட்டியோர் வேண்டாவென ஒதுக்கிக் குவித்த கழிவுகளே அவை.

உரோமர் காலத்திலேயே இங்குச் சுண்ணக்கல் அகழப்பட்டது. மத்திய காலத்தில் அக்கல்லின் உறுதி துறவிமடங்களைக் கவர்ந்தது. அகழும் உரிமைக்காக அவை தம்முட் பிணங்கவும் செய்தன. பீற்றர்பறோ, ஈலி ஆகிய இடங்களின் பேராலயங்கள் இக்கல்லாற் கட்டப்பட்டவை. வெட்டிய கல்லைச் சறுக்குவண்டிகளில் வெலண்ட் ஆறுவரை இழுத்துச்சென்று, பின்னர் சதுப்புநில நீர்வழிகளூடாகப் படகுகளிற் கொண்டுசென்றனர். றாம்சி மடம் தான் பெற்ற கல்லுக்கு ஈடாக, ஆண்டுதோறும் தவக்காலத்திற் பீற்றர்பறோ மடத்துக்கு 4,000 விலாங்குமீன்களை வழங்கியது. இறைச்சி விலக்கப்பட்ட நாட்களில் துறவிகளுக்கு மீன் இன்றியமையாதது. கல்லற்ற சதுப்புநிலத்தார்க்கோ மீனே செல்வம். பேராலயங்களை வியப்போர் கல் பிளந்தவரை நினைப்பதரிது. அவர்தம் உழைப்பின் சுவட்டை இம்மேடுகளிலேயே காணலாம்.

1500ஆம் ஆண்டளவில் நற்கல் தீர்ந்துபோயிற்று. சில தசாப்தங்களின் பின் எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது, றாம்சி மடத்தின் கற்கள் பெயர்க்கப்பட்டுக் கேம்பிறிட்ஜ்க் கல்லூரிகள் சிலவற்றின் கட்டடங்களிற் சேர்ந்தன. கற்குழிகளை நாடுவோர் இல்லை.

இப்புறக்கணிப்பே அந்நிலத்தைக் காத்தது எனல் வேண்டும். மேடுபள்ளமான அந்நிலத்தில் ஏரோட்ட இயலவில்லை. வேறிடங்களிற் சுண்ணக்கற் புல்வெளிகள் உழப்பட்டும் உரமிடப்பட்டும் அழிந்தபோது, இது தப்பியது. வளமற்ற மெல்லிய மண்ணிற் பெரும்புற்கள் செழிப்பதில்லை. எனவே சிறுசெடிகளுக்கு இடம் கிடைத்தது. முந்நூறுக்கு மேற்பட்ட தாவர இனங்கள் அங்குள்ளன. உயிர்த்த ஞாயிற்றுக் காலத்தையொட்டி ஊதா நிறத்திற் பூக்கும் பாஸ்க் மலர் அவற்றுள் அரியது. மனிதவுருவை ஒத்த பூக்களையுடைய ஒருவகை ஓக்கிட்டும், நீலநிற வண்ணத்துப்பூச்சிகளும் குறிப்பிடத்தக்கன.

கைவிடப்பட்ட நிலத்தை இயற்கை தானே மீட்டது என்பர் சிலர். அது பாதி உண்மையே. மேய்ச்சல் நின்றால் முரட்டுப்புல்லும் புதர்களும் சில ஆண்டுகளிலேயே பூஞ்செடிகளை மூடிவிடும். ஆதலின், மலர்கள் விதையுதிர்த்த பின்னர், இலையுதிர் காலத்திற் செம்மறிகள் அக்குழிகளுக்குள் மேயவிடப்படுகின்றன.