தீர்ப்பில் பெயரில்லாதவள்

'ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி' வழக்கின் தீர்ப்பை நான் முதலில் படித்தது சட்டக் கல்லூரித் தேர்வுக்காக. 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியது. வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்பதை மனப்பாடம் செய்தேன், மதிப்பெண் வாங்கினேன். நானும் தாயான பிறகு அதைத் திரும்ப எடுத்தபோதுதான் மனுதாரர் ஒருவரைப் பற்றிய பத்தி என்னை நிறுத்தியது.

அவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தவர். ரசாயனக் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய குடிசைக்கு ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறான். உள்ளே மனைவி, 16, 13, 5 வயதில் மூன்று மகள்கள். 1981 ஜூலை 23 அன்று, பம்பாயில் மழை கொட்டும் மாதத்தில், மாநகராட்சி ஆட்கள் குடிசையை இடித்துக் குடும்பத்தைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் வேலை தேடித் திரும்பிவந்து இன்னொரு நடைபாதைக் குடிசையில் ஒண்டினார். மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள் என்கிறது ஒரு வரி.

அதோடு சரி. அந்த அம்மாளுக்குப் பெயர்கூட இல்லை. வேலையே கிடைக்காத ஊரில் மூன்று பெண்பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப்போட்டாள்? வழக்கு ஆணின் பிழைப்பைச் சுற்றியே வாதாடப்பட்டது. அதுவும் முழு வெற்றியல்ல. நடைபாதையைக் காலிசெய்யும் அதிகாரத்தை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, அக்டோபர் 31 வரை அவகாசம் மட்டும் கொடுத்தது.

அந்த அவகாசத்துக்குள் பைகுல்லா நடைபாதைகளில் நடந்ததைத்தான் பாடத்தில் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்பார்க் அமைப்பு அங்குள்ள பெண்களோடு சேர்ந்து வீடுவீடாகக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கை வந்தது. 1986இல் அந்தப் பெண்கள் மகிளா மிலன் என்று கூடினார்கள். சில்லறை சில்லறையாகச் சேமித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், அடுப்புக்கு அரிசி இல்லை என்றாலும் அந்தப் பொதுப் பணத்திலிருந்து கடன். கந்துவட்டிக்காரனிடம் போக வேண்டியதில்லை.

பிறகு வீட்டையும் தாங்களே வரைந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 14 அடி உயரம் கேட்டார்கள், பாதியில் பரண் போட. ஒற்றை அறையில் சமையலும் பிரசவமும் பிள்ளைகளின் படிப்பும் தூக்கமும் நடக்கும் வாழ்க்கையை வாழ்ந்தவர்களுக்குத்தான் இது தோன்றும். எந்த என்ஜினியருக்குத் தோன்றும்? துணியும் அட்டையும் கட்டி முழு அளவு மாதிரி வீட்டைத் தெருவில் நிறுத்தி, உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அதிகாரிகளையும் அழைத்தார்கள்.

கையில் வரைபடம் இருந்தது, சேமிப்பு இருந்தது. நிலம்தான் இல்லை. நடைபாதைக் குடும்பங்களும் மாற்று வீட்டுக்கு உரியவர்கள் என்று மகாராஷ்டிர அரசின் மறுவாழ்வுத் திட்டம் ஏற்க 1995 ஆனது. சேலம் பஸ்ஸில் ஏற்றப்பட்டபோது ஐந்து வயதாயிருந்த கடைக்குட்டிக்கு அந்த ஆண்டு பத்தொன்பது.