நட்டாலம் நீலகண்டரின் வாழ்வில் யோபுவும் லாசருவும்

முன்னுரை

விவிலிய மாந்தருள் துன்பத்தின் வடிவாக எண்ணப்படுபவர் யோபு. அவரது பாத்திரப் பண்பு தென் திருவிதாங்கூர் மண்ணில் ஒரு தனிமனித வாழ்வோடு இயைந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மனிதர் 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. இன்று கேரளத்தில் அமைந்துள்ள ஆரியங்கோடு, பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களும் நட்டாலமும் 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தவை.

யோபு கதை வந்தடைந்த வழி

குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் பணியேற்றார். அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டர், கால்நடை இழப்பு முதலிய துன்பங்களால் தளர்ந்திருந்தபோது டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைக் கூறினார் என்பது மரபுச் செய்தி. ஏழாயிரம் ஆடுகளையும் மூவாயிரம் ஒட்டகங்களையும் மக்கள் பதின்மரையும் இழந்தவரின் கதை அது.

பொறுமையா, வழக்காடலா?

யோபுவின் பண்பு பொறுமை என்பதே பொதுவழக்கு. புதிய ஏற்பாட்டின் யாக்கோபு திருமுகமும் அவ்வாறே சுட்டும். ஆயின் நூலின் முதலிரு இயல்களில் மட்டுமே அவர் அமைதி காக்கிறார். மூன்றாம் இயல் முதல் தம் பிறந்த நாளைச் சபிக்கிறார், இறைவனோடு வழக்காடுகிறார். வாய்மைக்காக அனைத்தையும் இழந்தும் முறையிடாத அரிச்சந்திரனிலிருந்து யோபு வேறுபடும் இடம் இதுவே. இருவர் கதையும் வானவர் அவையிலிருந்தே தொடங்குகின்றன என்பது ஒப்புநோக்கத்தக்கது.

துன்பம் பாவத்தின் விளைவே என்பது எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய நண்பர்களின் கொள்கை. இது வினைப்பயன் பற்றிய நம் வழக்கிற்கு நெருக்கமானது. இறுதி இயலில் இறைவன் நண்பர்களைக் கடிந்து, யோபு பேசியதே சரியெனத் தீர்ப்பளிக்கிறார். எனவே, இழப்பு குற்றத்திற்குச் சான்றாகாது என்பதே நூலின் உட்கருத்து எனலாம். தளர்ந்த நீலகண்டருக்கு ஆறுதலாயிருந்திருக்கக் கூடியதும் இக்கருத்தே.

லாசரு என்னும் பெயர்

1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டர் ஏற்ற பெயர் லாசரு. 'கடவுள் துணை' என்னும் அப்பெயர்ப் பொருளே தேவசகாயம் எனத் தமிழாயிற்று. 1749இல் சிறைப்பட்ட அவர் எருமைமீது அமர்த்தப்பட்டு ஊரறிய இழிவுபடுத்தப்பட்டார் என்பர். தண்டனையையே குற்றத்தின் சான்றாக்கும் இம்முறை, யோபுவின் நண்பர்தம் வாதத்தின் மறுவடிவம் எனக் கருத இடமுண்டு. 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முடிவுரை

யோபு இழந்த உடைமை இருமடங்காக மீண்டது. தேவசகாயத்திற்கு இவ்வுலகில் எதுவும் மீளவில்லை. லூக்கா நற்செய்தியின் உவமையில், வாழும்போது நலமே காணாத வறியவரின் பெயரும் லாசருவே. யோபுவின் கதையில் தொடங்கிய வாழ்வு லாசருவின் முடிவை எய்தியது. 2022 மே 15இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பொறுமை என்னும் ஒரு சொல்லால் இவ்விருவரையும் அளந்துவிட இயலாது. குற்றமின்மையில் கொண்ட உறுதியே இருவரையும் இணைக்கும் பண்பு என்பது இவ்வாய்வால் புலப்படும்.