குப்பிலாம்பைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடம்

தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தில் வரும் சந்தேகத்தை யார் தீர்த்துவைப்பது? வட்டகொடை லயங்களில் இது பழைய கேள்வி.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே நின்றன. எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே நம் அம்மாமார் பலருக்குக் கையெழுத்து வைப்பதே பெரும்பாடு. கொழுந்து நிறுத்துக் களைத்து வருபவரிடம் பின்னக் கணக்கை எப்படி நீட்டுவது?

நாம் அடுத்த காம்பரா அக்காவிடம் நீட்டினோம். நம்மைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவர். கணக்கு, தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் அவரே ரீச்சர். குப்பிலாம்பைச் சுற்றி நால்வர், நடுவில் ஒரே புத்தகம். 1980இல் இலவசப் பாடநூல் வந்து ஆளுக்கொன்று கிடைத்த பின்னரும் அந்த வட்டம் கலையவில்லை. விடை தெரியாவிட்டால், "நாளைக்குக் கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்" என்பார், சொல்லியும் விடுவார்.

அவர்களில் பலர் தம்பி தங்கைகளைப் பார்க்கவென்று படிப்பை இடையில் விட்டவர்கள். நம்மைச் சாதாரண தரப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுத் தாம் கூடையை மாட்டிக்கொண்டார்கள்.

வட்டகொடை மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரை உலகம் அறியும். இந்த அக்காமாரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரை, எங்கிருந்தாலும், சங்கத்துக்கு எழுதியனுப்புங்கள். அதையும் நம் வரலாற்றில் சேர்ப்போம்.