காருக்கும் உண்டு குளிர்கால உறக்கம்

கூரையை மடக்கி ஓட்டற கன்வெர்ட்டிபிள் காரை குளிர்காலத்துல ஓட்டலாமா, உள்ள போட்டுப் பூட்டலாமா? இன்னிக்கு இது ஆசைக்கு ஒரு வண்டி வச்சிருக்கறவனோட கவலை. நூறு வருஷம் முன்னாடி, பனி கொட்டற ஊர்ல கார் வச்சிருந்த கிட்டத்தட்ட எல்லாருக்குமே இந்தக் கவலை இருந்திருக்கு மக்களே.

1919-ல் அமெரிக்காவுல வித்த கார்கள்ல நூத்துக்குப் பத்துதான் கூரையும் கண்ணாடியும் போட்டு மூடின வண்டி. மிச்சம் எல்லாம் திறந்த வண்டி. மேல ஒரு துணிக்கூரை, பக்கத்துக்கு செல்லுலாய்டு ஜன்னல் வச்சுத் தைச்ச திரை. குளிர்ல அந்த செல்லுலாய்டு விறைச்சு வெடிக்கும். உள்ள உக்காந்தவங்க விறைக்கறது தனிக்கதை.

அதனால டிசம்பர் வந்தா வண்டி கொட்டகைக்குப் போயிடும். ஜாக்கி போட்டுத் தூக்கி மரக்கட்டை மேல நிறுத்துவாங்க, டயர் மேல பாரம் இறங்கக்கூடாதுல்ல. பேட்டரியைக் கழட்டி தனியா வைக்கணும். ரொம்ப முக்கியமா, ரேடியேட்டர்லயும் எஞ்சின்லயும் இருக்கற தண்ணியை சொட்டு விடாம வடிக்கணும். தண்ணி உறைஞ்சா விரியும், விரிஞ்சா எஞ்சின் இரும்பையே பிளந்துடும். தண்ணியோட ஆல்கஹால் கலந்து ஓட்டின தைரியசாலிகளும் உண்டு. ஆனா எஞ்சின் சூட்டுல ஆல்கஹால் ஆவியாப் போயிட்டே இருக்கும், ஊத்திட்டே இருக்கணும்.

வண்டி தயாரா இருந்தாலும் ரோடு வேணுமே? வெர்மான்ட் மாதிரி ஊர்கள்ல அப்போ பனியை வாரித் தள்ளவே மாட்டாங்க. குதிரை பூட்டின பெரிய மர உருளையை உருட்டி, பனியை அழுத்திக் கெட்டியாக்குவாங்க. குதிரை இழுக்கற சறுக்குவண்டிக்கு அதுதான் ராஜபாட்டை. காருக்கோ பனியே இல்லாத தரை வேணும். ஒரே ரோட்டுல ரெண்டு பேருக்கும் நேர் எதிரான தேவை. குளிர்காலம் பூரா ஜெயிச்சது குதிரைதான்.

இது மாறினது ரொம்ப வேகமா. 1921-ல் ஹட்சன் கம்பெனி எஸ்ஸெக்ஸ் கோச்னு ஒரு மூடின காரை இறக்கினாங்க. விலை 1,495 டாலர், அதே எஸ்ஸெக்ஸ் திறந்த வண்டியை விட 300 டாலர் அதிகம். குறைச்சுக் குறைச்சு 1925-ல் 895 டாலருக்குக் கொண்டுவந்துட்டாங்க. இப்ப திறந்த வண்டியை விட இது அஞ்சு டாலர் கம்மி! அப்புறம் எவன் நனைஞ்சுக்கிட்டுப் போவான்? 1927-ல் வித்த கார்கள்ல நூத்துக்கு 85 மூடின வண்டி. எட்டே வருஷத்துல தலைகீழ். அதே 1927-ல் எத்திலீன் கிளைக்கால் வச்சு செஞ்ச பிரஸ்டோன் வந்துச்சு. ஆல்கஹால் மாதிரி ஆவியாகாது. ஒரு தடவை ஊத்தினா சீசன் பூரா கவலையில்ல.

சரி, கார் வருஷம் பூரா ஓடத் தயார். இப்ப ரோடும் வருஷம் பூரா திறந்திருந்தே ஆகணும்னு ஜனம் கேக்க ஆரம்பிச்சாச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே சுவாரசியமான இடம் இதுதான். பனிக்கட்டியை உருக்கறதுக்குக் கல்லுப்பைக் கொட்ட ஆரம்பிச்சாங்க. 1941-42 குளிர்காலத்துல அமெரிக்கா பூரா ரோட்டுல கொட்டின உப்பு சுமார் 5,000 டன். மாநிலம் முழுக்க இதை ஒரு கொள்கையாவே எடுத்துக்கிட்ட முதல் மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். இன்னிக்குக் கணக்கு வருஷத்துக்குக் கோடி டன்னைத் தாண்டிடுச்சு.

எங்க மிச்சிகன்ல இதுக்கு ஒரு கூத்தான அடிக்குறிப்பு இருக்கு. உலகத்துக்கே கார் செஞ்சு கொடுத்த டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் ஓடுது. 1910-ல் தோண்டி முடிச்சது. ஆரம்பத்துல தோல் பதனிடறதுக்கும் சாப்பாட்டுப் பண்டத்துக்கும் போச்சு அந்த உப்பு. இப்ப ரோட்டுக்குப் போகுது. மேல காரைச் செய்யறாங்க, கீழ அந்தக் காரை அரிக்கிற சாமானை வெட்டி எடுக்கறாங்க :-)

இங்கதான் நம்ம கன்வெர்ட்டிபிள் மறுபடி மாட்டிக்குது. என்கிட்ட இருக்கறது 1990-கள்ல வந்த மஸ்டா மியாட்டா. (ரெண்டு புள்ளைங்க இருக்கற வீட்டுல ரெண்டு சீட்டு வண்டி எதுக்குன்னு கேக்காதீங்க, அதைக் கேக்க வீட்டுலயே ஆள் இருக்கு.) அதுக்குத் துணிக்கூரை, பின்னாடி பிளாஸ்டிக் ஜன்னல். கடுங்குளிர்ல மடக்கினா பிளாஸ்டிக் கீறல் விடும், அந்தக்கால செல்லுலாய்டு கதையேதான். ஆனா அது சின்ன விஷயம், காசு கொடுத்தா வேற ஜன்னல் மாட்டிக்கலாம். ஹீட்டரும் பிரமாதமா வேலை செய்யுது. குளிருக்காக இந்த வண்டியை மூடி வைக்கணும்னு அவசியமே இல்லை.

விஷயம் கதவுக்குக் கீழ இருக்கு. சாதாரண கார்ல கூரையும் சேர்ந்துதான் உடம்போட பலத்தைத் தாங்குது. கூரையை எடுத்துட்டா அந்த பாரம் பெரும்பாலும் கதவுக்கு அடியில ஓடற இரும்புப் பெட்டி மாதிரியான பகுதிக்கு வந்துடும். மியாட்டாவுல துணிக்கூரை மேல விழற தண்ணி வடியற குழாயும் அதுக்குப் பக்கத்துலதான் இறங்குது. இலை தழை அடைச்சா தண்ணி பெட்டிக்குள்ள தேங்கும். வெளியில ரோட்டு உப்பு, உள்ள ஈரம். அந்த இடம் துருப்பிடிச்சு ஓட்டையாச்சுன்னா அழகு மட்டும் போகல, வண்டியோட முதுகெலும்பே போகுது. பக்கவாட்டுல எவனாவது மோதினா யோசிச்சுப் பாருங்க.

அதனால என் முடிவு: முதல் தடவை உப்பு கொட்டினதும் உள்ள போட்டுட வேண்டியது. தெர்மாமீட்டரைப் பாக்க வேண்டாம், உப்பு லாரியைப் பாருங்க. ஏப்ரல்ல நல்ல மழை ரெண்டு பெய்ஞ்சு ரோட்டைக் கழுவின பிறகு வெளிய எடுக்கலாம்.

உள்ள போடறதுலயும் விவரம் இருக்கு. அடிப்பக்கத்து உப்பைக் கழுவாம, சூடு பண்ணின காரேஜ்ல நிறுத்தறது ரொம்பத் தப்பு. உறைகுளிர்ல துரு மெதுவாத்தான் ஏறும். கதகதன்னு ஈரமா இருந்தா கொண்டாட்டம். கழுவி, காய வச்சு, டேங்க்கை நிரப்பி, கூரையை மூடின நிலையில நிறுத்துங்க. மடக்கி வச்சா துணி சுருங்கி மடிப்புத் தடம் விழும். சும்மா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கற வேலையும் வேண்டாம். புகைக்குழாய்ல ஈரம்தான் சேரும். பேட்டரிக்கு சின்ன சார்ஜர் ஒண்ணு போதும். எலித்தொல்லைக்கு மட்டும் இன்னும் யாரும் பிரஸ்டோன் கண்டுபிடிக்கலை.

கொசுறு: ஜெர்மனிக்காரங்க இந்தப் பிரச்சினையை நம்பர் பிளேட்லயே எழுதிட்டாங்க. 1997-ல் இருந்து அங்க சீசன் நம்பர் பிளேட் உண்டு. வலது ஓரத்துல எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும்னு எண்ணே போட்டிருக்கும். 04 மேல, 10 கீழ இருந்தா ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஓட்டலாம். வரியும் அந்த மாசங்களுக்கு மட்டும்தான். நவம்பர் ஒண்ணாம் தேதி காலையில அந்த வண்டியை ரோட்டுல நிறுத்தி வச்சிருந்தாலே தப்பு.